மாலை போட்ட தோள்

"ஐயோ... ஐயோ! எல்லாரும் ஓடி வாருங்களேன்! நம்ம தாணுவுக்க படத்த யாரோ வெட்டிப் போட்டிருக்காவளே!"

ஆண்டுத் திவசம் செய்து வைக்க ஐயர் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் மூத்த மருமகள் பிச்சம்மாளின் கூச்சல் தெருக்கோடி வரை போய்விட்டது. அடுக்களையில் எள் கழுவிக்கொண்டிருந்த உமையம்மாளின் கை அப்படியே நின்றது. இந்தக் கூச்சல் இன்று காலையில் எழும் என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

தாணு அவளுடைய இளைய மகன். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். உயிரோடு இருந்தபோது அவனை யாரும் படம் எடுத்ததில்லை. செத்த பிறகு நெய்யாற்றின்கரையிலிருந்து படக்காரனை அழைத்துவந்து, பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு எடுத்தார்கள். பக்கத்தில் அவன் பெண்டாட்டி அம்மிணியைப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூவும் நெற்றியில் பொட்டுமாக உட்காரவைத்தார்கள். தாலியைக் கழற்றி வாங்குவதற்கு முன்னால் ஒரு சுமங்கலிக்குச் செய்கிற கடைசிச் சிங்காரம் அது! நிமிர்ந்து இருக்கத் தெம்பில்லாமல் அந்தப் பெண் புருஷனின் தோளில் கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் தாழ்த்தியிருந்தாள். வீட்டுக்கு வந்த அந்தப் படத்தைப் பார்க்க யாருக்கும் மனசு தாங்கவில்லை. சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டார்கள். இன்று திவசத்துக்கு மாலை போட என்று பிச்சம்மாள் திருப்பியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

கண்ணாடிக்குள் தாணு இருந்தான். ஆனால் அவனுக்கு ஒரு தோள் இல்லை. அந்தக் கையும் இல்லை. அம்மிணி இருந்த இடத்தில் பின்பலகை தெரிந்தது.

"யாரு செஞ்ச வேலை இது?" என்று உறுமினார் மூத்த மகன் சொக்கநாதன். தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தா. அங்கே மேலதிகாரி முன்னால் வாயே திறக்காத மனிதர். வீட்டில் மட்டும் அவர்தான் தாசில்தார். அவர் பார்வை நேரே வெள்ளைச்சேலையில் உள்வாசலோரம் ஒதுங்கி நின்ற அம்மிணி மேல் போனது.

"அவள ஏன் பாக்குத? நான்தான் வெட்டினேன்" என்றாள் உமையம்மாள்.

"நீங்களா அம்மா? எதுக்கு?"

உமையம்மாள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

சொக்கநாதன் தாயை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவர் குரல் இளகியது. "செரி... பெத்த வயிறு எரியத்தானே செய்யும். எனக்க தம்பி பக்கத்துல இனி அந்த முண்ட இருக்கண்டாம்ணு தோணிச்சு, வெட்டியாச்சு. அம்மைக்கு இல்லாத உரிமையா?"

"நல்லா செஞ்சிய அத்த!" என்று பிச்சம்மாளும் கூச்சலை மறந்து சேர்ந்துகொண்டாள். "தாலி கெட்டி நாலு வருசத்துல கெட்டினவன முழுங்கினவளாக்கும். அவனுக்க தோளுல சாஞ்சு சொகமா இருக்காளாம், படத்துல!"

உமையம்மாளுக்குக் காது எரிந்தது. யாரை மீறி அந்தக் காரியத்தைச் செய்தாளோ அவர்கள் பாராட்டுகிறார்கள். யாருக்காகச் செய்தாளோ அவள்... அம்மிணி அழவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். அம்மிணியை வாத்தியார்ப் பரீட்சைக்குப் படிக்கவைத்தவனே தாணு. சொக்கநாதன் குதித்தபோது, "எனக்க பெண்டாட்டி படிச்சா ஒங்களுக்கு என்ன அண்ணா?" என்று கேட்டவன். அவள் பாஸான சந்தோஷத்தில் பாறசாலைக் கோயிலில் அவனே போய் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தான். அவன் போன பிறகு அந்தப் படிப்புக்கு வேலையே இல்லை. விதவை பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகள் முன்னால் நின்றால் குடும்ப மானம் போய்விடும் என்று சொக்கநாதன் சொல்லிவிட்டார். திவசம் கழிந்ததும் அவளை ஒற்றசேகரமங்கலத்தில் அவள் அண்ணன் கைலாசத்தின் வீட்டில் கொண்டு விடுவதென்றும் முடிவாகியிருந்தது. அங்கே அவளுக்கு என்ன காத்திருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அண்ணிக்கு வருஷம் ஒரு பிள்ளைப்பேறு. சாகும்வரை துணி துவைத்து, பிள்ளை தூக்கி, மிச்சத்தைத் தின்ன வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ரெபேக்காள், கொழும்பில் ஒரு சைவப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் படிப்பிக்கப் பெண் வேண்டும் என்று வந்த பத்திரிகை விளம்பரத்தைக் குளத்தங்கரையில் வைத்து அம்மிணியிடம் கொடுத்தாள். அம்மிணி அன்றே மனு எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டாள். உமையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தாள். கடைசி வரியை அதன் பிறகுதான் அம்மிணி கவனித்தாள். மனுவோடு விண்ணப்பதாரரின் புகைப்படமும் இருக்க வேண்டுமாம்!

"படத்துக்கு எங்க போவேன் அத்த? தாலியறுத்தவ படக்காரன் முன்னால போய் இருந்தா பெரிய அத்தான் வெட்டிப் போடுவாரு..." என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அழுகையைவிட மோசமாக இருந்தது. மனுவை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

உமையம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு படம் உண்டு என்பது தெரியும். ஒரு நாள் மத்தியானம் சொக்கநாதன் கச்சேரியில் இருந்தார். பிச்சம்மாள் உறங்கினாள். அம்மிணி குளத்துக்குப் போயிருந்தாள். உமையம்மாள் படத்தை இறக்கி, ஆணியை நெம்பி, தாணுவின் சவரக்கத்தியை எடுத்தாள். மகனை விட்டு மருமகளை மட்டும் வெட்டியெடுக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. அவள் கன்னம் அவன் தோளில் ஒட்டிக் கிடந்தது. தோளை மிச்சம் வைத்தால் அவள் முகத்தில் பாதி போய்விடும்.

எவ்வளவு நேரம் கத்தியும் கையுமாக இருந்தாளோ! உலகத்தில் அவளுக்கு மகனுடைய முகம் என்று இருந்தது அந்த ஒரு அட்டைதான். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு மகனின் தோளையும் சேர்த்து வெட்டினாள். மனுவையும் அந்தத் துண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு போய் ரெபேக்காளிடம் கொடுத்தாள். பதில் ரெபேக்காளின் விலாசத்துக்கே வரவேண்டும், ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். சொக்கநாதன் அறிந்தால் காரியம் கெட்டுவிடும். அம்மிணி அறிந்து, பதில் வராமலே போனால், அந்தப் பெண் இன்னொரு தடவை நொறுங்கிப்போவாள். அதனால்தான் பேசவில்லை.

திவசச் சாப்பாடு முடிந்து எல்லாரும் போன பிறகு, கிணற்றடியில் உமையம்மாள் முன்னால் அம்மிணி தானாகவே வந்து நின்றாள்.

"ஊரு முச்சூடும் என்னக் கரிச்சுக் கொட்டிச்சு. நான் அழல்ல அத்த. ராத்திரி ஒங்க பக்கத்துல பாய் போட்டுக் கெடக்கத்துக்கு எடம் உண்டுண்ணு இருந்தேன்... நீங்களுமா? கத்தியெடுத்து வெட்டி எறியத்துக்கு நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"மக்களே..."

"அப்பிடி விளிக்காதீங்க! அவுகள நான் தொட்டுட்டு இருந்த படம் அது. அது ஒண்ணுதான் எனக்கு இருந்துது. அவுகளுக்க தோளையும்லா வெட்டியிருக்கிய! என் மேல அம்புட்டு வெறுப்பாக்கும்!"

"கை நழுவிப் போச்சு பிள்ளே" என்று மட்டும் சொன்னாள் உமையம்மாள். அன்றிலிருந்து அம்மிணி தன் பாயை நெல் வைக்கும் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். அத்தை பரிமாறிய சோற்றை வாங்கவில்லை. தானே போட்டுத் தின்றாள். உமையம்மாள் தினமும் காலையில் முற்றத்தில் நின்று தெருவைப் பார்த்தாள். ரெபேக்காள் பள்ளிக்கூடம் போகும்போது தலையை மெல்ல ஆட்டுவாள். வரவில்லை என்று அர்த்தம்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், கைலாசம் வில்வண்டியோடு வந்து சேர்ந்தார்.

"வீட்டுல ஒரு ஆளு இல்லாம ஒண்ணும் நடக்கல்ல. பெண்டாட்டிக்கு இது மாசமாக்கும். அதான் கூட்டிட்டுப் போவ வந்தேன்" என்றார், தங்கையை விசாரிப்பதற்கும் முன்னால்.

அம்மிணியின் தகரப்பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். அத்தையிடம் மட்டும் சொல்லவில்லை. உமையம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி என்ன? சொல்லிவிடலாமா? பதில் வராத மனுவைச் சொல்லி என்ன பிரயோசனம்?

"அம்மா! அம்மிணியம்மா!"

ரெபேக்காள் தெருவிலிருந்து ஓடிவந்து முற்றத்துப் பலாமரத்தடியில் நின்றாள். அதற்கு மேல் அந்த வீட்டில் அவளை யாரும் ஏறவிட்டதில்லை. கையில் உறை. "வந்தாச்சு! கொழும்புலேந்து வந்தாச்சு! நான் பிரிக்கல்ல, பிள்ளையே வாசிக்கட்டு!"

அம்மிணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாங்கிப் பிரித்து வாசித்தாள். முதலில் மனசுக்குள். பிறகு, தான் வாசிப்பது சரிதானா என்று சந்தேகப்பட்டவள்போல் வாய்விட்டு.

"...தங்களை எமது பாடசாலையில் தமிழ் ஆசிரியையாக நியமிக்கிறோம். படத்தில் தங்கள் அருகே மாலையணிந்த கணவரின் தோள் தெரிகிறது. தாங்கள் புதிதாக மணமானவர் என்று அறிந்து மகிழ்கிறோம். அவரையும் உடன் அழைத்து வரலாம். இருவர் வசிக்கத்தக்க வீடு..."

குரல் நின்றுவிட்டது. பிணத்துக்குப் போட்ட மாலையை அவர்கள் கல்யாண மாலை என்று நினைத்துவிட்டார்கள். அழுது ஓய்ந்து தாழ்ந்த கண்ணைப் புதுப்பெண்ணின் வெட்கம் என்று நினைத்துவிட்டார்கள்!

"அத்த..." அம்மிணி உமையம்மாள் பக்கம் திரும்பினாள். "அந்தப் படமா? இதுக்காக்குமா வெட்டினிய?"

"வேற படம் ஒனக்கு ஏது மக்களே? ஒனக்க கன்னம் அவனுக்க தோளுல ஒட்டிக் கெடந்துது. பாதி மொகத்தப் பாத்து எவன் வேலை தருவான்? அதான்... அவனையும் சேத்து வெட்டிட்டேன். அவன் கோவிக்க மாட்டான். ஒன்னப் படிக்க வச்சவன்லா..."

"என்னப் பெத்த அம்மா!" என்று அலறிக்கொண்டு அம்மிணி அவள் காலில் விழுந்தாள். "என்னவெல்லாம் பேசிட்டேன்! ஒங்க கையால ஒரு வாய்ச் சோறு வாங்காம இருந்தேனே... பாவி... நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?" உமையம்மாள் அவளைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். மரத்தடியில் ரெபேக்காளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சொக்கநாதனுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "கொழும்பா? தாலியறுத்தவ கடல் கடந்து போவாளாம்! அதுவும் சுமங்கலி வேசம் கெட்டி, கள்ளப் படம் அனுப்பி! கச்சேரியில நான் தல நிமிந்து நடக்கண்டாமா?"

"கள்ளமில்ல. உள்ளத எழுதிப் போடுவா" என்றாள் உமையம்மாள். அவள் குரல் உயரவில்லை. "மக்களே, இப்பமே எழுது. அவன் இல்லண்ணு எழுது. அந்த மாலை எதுக்குப் போட்டதுண்ணும் எழுது. அவனுக்குப் பதிலா அவனப் பெத்தவ கூட வாறாண்ணு எழுது. சம்மதமிண்ணா கூப்பிடட்டு."

"நீங்களா?" சொக்கநாதன் திடுக்கிட்டார். "அம்மா, இந்த நடைய எறங்கினா ஒங்களுக்குக் கொள்ளி வைக்க நான் வரமாட்டேன், கேட்டியளா! அந்நிய மண்ணுல அனாதப் பொணமா..."

அது அவளைக் குத்தியது. பெற்ற இரண்டில் மிச்சமிருக்கிற ஒன்று. அவன் கையால் கொள்ளி வாங்கிப் போய்ச் சேருவோம் என்ற ஒரே ஆறுதலில்தான் போன வருஷத்தைக் கடந்திருந்தாள். அம்மிணி பதறிப்போய், "வேண்டாம் அத்த, நான் அண்ணன் கூடப் போறேன்" என்றாள்.

உமையம்மாள் மூத்த மகனைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். "வைக்கண்டாம் மக்கா" என்றாள். அவ்வளவுதான். பிறகு குனிந்து தகரப்பெட்டியைத் தூக்கித் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாள். கைலாசத்தின் வண்டி வெறுமனே திரும்பிப் போயிற்று.

கார்த்திகையில் மறுபதில் வந்தது. உள்ளதைச் சொன்னதற்கு நன்றி, இருவரும் வாருங்கள், வீடு அப்படியே இருக்கிறது என்று.

புறப்படுகிற அன்று காலை சொக்கநாதன் நேரத்தோடே கச்சேரிக்குப் போய்விட்டார். பிச்சம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். உமையம்மாள் சாத்திய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "பிச்சம்மா... அவனுக்குச் சூடு சேராது. வாரத்துல ஒரு நாளு எண்ணெ தேச்சு விடு" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். நடையிறங்கினாள்.

நாகர்கோவில் போகும் மோட்டார் வண்டியில் ரெபேக்காள் இடம் பிடித்துக் கொடுத்தாள். அங்கிருந்து திருநெல்வேலி, பிறகு தூத்துக்குடி, பிறகு கப்பல். வண்டி கிளம்பியதும் அத்தையின் மடியிலிருந்த மூட்டை அம்மிணியின் முழங்கையில் இடித்தது. தொட்டுப் பார்த்தாள். கண்ணாடிச் சட்டம்.

"இத எதுக்கு அத்த கொண்டு வாறிய? வழியில ஒடஞ்சு போவுமே..."

"அவனுக்க தோளும் கையும் முன்ன அங்க போயாச்சில்லா. மிச்சத்தையும் கொண்டு சேக்கண்டாமா மக்களே?"

அம்மிணி அத்தையின் தோளில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். வண்டி களியக்காவிளை தாண்டிப் போகும்வரை அவள் முகத்தை எடுக்கவில்லை.