கீழ்ப் பெட்டியில் வெளிச்சம்

போன் ஒரு தடவை சிணுங்கி அடங்கியது.

வீட்டுக்கார அம்மாள் எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது மெசேஜ்!

"படிங்க," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"'உன் புருஷன் உயிரோட வேணும்னா வைர நெக்லஸை ஹால் மேஜை மேல வை. வாசல் கதவைத் திறந்து போட்டுட்டு எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போயிடு'ன்னு இருக்கு மேடம்."

காலை ஏழு மணிக்கு வாக்கிங் என்று கிளம்பிய வீட்டுக்காரர், இப்போது பதினொன்று ஆகியும் திரும்பவில்லை. ஒன்பது மணிக்கு முதல் மெசேஜ். ஏதோ புது நம்பர். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினாள்.

"வெளியிலேர்ந்து நம்மள நோட்டம் விடறானோ என்னவோ..."

இன்ஸ்பெக்டர் எழுந்து போய் ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடினாள். ஹால் இருட்டாகிவிட்டது.

முழு இருட்டு இல்லை. சுவர் முழுக்க நின்ற புது டி.வி. யூனிட்டின் மேல் பெட்டிகளில் இளமஞ்சள் வெளிச்சம். ஏழு பெட்டிகளைக் கோத்து ஒன்றாக்கிய யூனிட். ஒவ்வொன்றிலும் பலகையில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, அதற்குள் எல்.இ.டி. பட்டையைப் பதித்து, பால் நிற மூடியும் போட்டாகிவிட்டது. வெளிச்சம் தெரியும், பல்பு தெரியாது!

எல்லாம் மின்மினியின் கைவண்ணம். எலெக்ட்ரீஷியன். வேலையில் புலி. மின்மினி என்றால் தெருவுக்கே தெரியும், சொந்தப் பெயர் அவன் பெண்டாட்டிக்கே மறந்துபோயிருக்கும். ஒன்பது மணியிலிருந்து ஏணி மேல் நின்று மேல் பெட்டிகளை முடித்துக்கொண்டிருந்தான். கீழ்ப் பெட்டிகள் நேற்றே முடிந்துவிட்டன.

வீட்டுக்கார அம்மாள் தொண்டையைச் செருமினாள். "மேடம், நெக்லஸுக்குப் பதிலா வளையல் ரெண்டு ஜோடி தரலாமா? அதுவும் வைரம்தான்."

கொஞ்சம் உரக்கவே கேட்டாள்.

போன் சிணுங்கியது.

'வளையல் வேண்டாம். நெக்லஸ்தான் வேணும்.'

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு விஷயங்கள் அவளுக்கு இடித்தன. ஒன்று, வளையலை வேண்டாம் என்கிற கடத்தல்காரனைப் பதினைந்து வருட சர்வீஸில் அவள் பார்த்ததே இல்லை. இன்னொன்று...

"நாம இங்க பேசறது அவனுக்கு உடனுக்குடன் போகுது. ஹால்ல இருக்கறது மூணே பேர். நான் சொல்லலை. நீங்களும் சொல்லலை."

பார்வை ஏணி மேல் ஏறியது. அங்கே மின்மினி... கையில் போன்... கட்டை விரல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது!

"இறங்குய்யா. யாருக்கு மெசேஜ் அடிக்கறே?"

"மெசேஜ் இல்ல மேடம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சுப் பாக்கறேன். போன்லயே பண்ணலாம்."

"காது குத்தாதே. குடு அதை."

போன் கைமாறியது. அதே நொடியில் வீட்டுக்கார அம்மாளின் போன் மறுபடி சிணுங்கியது.

'நேரம் ஆகுது. போலீஸை அனுப்பு.'

மின்மினிக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா மேடம்? என் போன் உங்க கைலதான இருக்கு."

"அப்ப வேற வழி வெச்சிருக்கே. இவ்வளவு ஒயர் எதுக்கு? நடுவுல எங்கயோ மைக்கைச் சொருகிட்டே. உன் கூட்டாளி வெளிய உக்காந்து கேட்டுட்டிருக்கான். கிளம்பு, மீதியை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

மின்மினியின் தொழில் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து செய்கிற தொழில். ஒரு தடவை ஜீப்பில் ஏறினால் போதும், நாளைக்கு ஒரு வீட்டு வாசலும் இவனுக்குத் திறக்காது.

"மேடம், பிள்ளைகுட்டிக்காரன் நான்..."

அப்போதுதான் வீட்டுக்கார அம்மாள் சாவதானமாகச் சொன்னாள். "போறதுக்கு முன்னாடி அந்தக் கீழ்ப் பெட்டியைக் கொஞ்சம் பாத்துட்டுப் போ தம்பி. காலையிலேர்ந்து விட்டு விட்டு எரியுது. லூஸ் கான்டாக்ட்னு நினைக்கறேன்."

மின்மினி நிமிர்ந்தான். கடத்தல்காரன் என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். இதைப் பொறுக்க முடியவில்லை!

"லூஸ் கான்டாக்ட்டா? என் வேலையிலயா?"

யூனிட்டின் அடியில் பெஞ்சு மாதிரி நீண்டிருந்த பெட்டியைப் பார்த்தான். கதவு மூடியிருந்தது. இருட்டாகவும் இருந்தது.

"இருபது வருஷத்துல ஒருத்தர் என்னை அப்படிச் சொன்னதில்லைம்மா. அந்தப் பெட்டிக்கு மட்டும் சென்சார் வேற. மத்ததெல்லாம் கதவைத் திறந்தா எரியும், மூடினா அணைஞ்சிடும். இது உள்ள ஏதாவது அசைஞ்சாத்தான் எரியும். அசைவு நின்னா அரை நிமிஷத்துல அணையும்."

"மூடின பெட்டிக்குள்ள என்னய்யா அசையும்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

மின்மினி பெட்டியை மறுபடி உற்றுப் பார்த்தான். முகம் மாறியது. வீட்டுக்கார அம்மாளின் காதருகே போய்க் கிசுகிசுத்தான்.

"அம்மா, நெக்லஸ் தர்றேன்னு அந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் போடுங்க."

அவள் அடித்து அனுப்பினாள். மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

கீழ்ப் பெட்டியின் கதவுக்கு அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று தரையில் விழுந்தது!

போன் சிணுங்கியது. 'நல்லது. மேஜை மேல வெச்சுட்டுப் போ.'

இன்ஸ்பெக்டரின் கை துப்பாக்கிக்குப் போனது. பூனை நடை நடந்தாள். கைப்பிடி இல்லாத, தட்டினால் திறக்கும் கதவு. தட்டினாள்.

முதலில் இரண்டு கால்கள் தெரிந்தன. வாக்கிங் ஷூ. அப்புறம் ஒரு தலையணை. காலி பிஸ்கட் பாக்கெட். கடைசியில், கண்கள் கூச, கையில் ஒரு குட்டிப் போனோடு...

வீட்டுக்காரர்!

"உங்களைக் கடத்தினவன் எங்க சார்?"

வீட்டுக்காரர் ஒரு கையை மெல்லத் தூக்கினார். "நான்தான் மேடம்."

தவழ்ந்து வெளியே வந்தார். முதுகு நிமிரவில்லை. குனிந்தபடியே வாக்குமூலம் கொடுத்தார். வாக்கிங் என்று கிளம்பியவர் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து பெட்டிக்குள் புகுந்துகொண்டாராம். ரெண்டு மாசத்துக்கு முன்னால் நெக்லஸைப் பாலிஷ் போட எடுத்துப் போனாராம். பஸ்ஸில் தொலைத்துவிட்டாராம். அதே மாதிரி ஒரு டூப்ளிகேட் வாங்கி பீரோவில் வைத்துவிட்டாராம்.

"அடுத்த வாரம் அவ தங்கச்சி வீட்டு விசேஷம். போட்டுட்டுப் போனா குட்டு வெளிப்பட்டுடும். கடத்தல்காரன் வாங்கிட்டுப் போயிட்டான்னா ஒரு பிரச்சனையும் இல்லை பாருங்க..."

மின்மினி தலையில் அடித்துக்கொண்டான். "பெட்டியில நடுப் பலகை வேண்டாம்னு சொன்னப்பவே நினைச்சேன் சார். சூடு போக ரெண்டு ஓட்டை போதும்னேன், எட்டு போடச் சொன்னீங்க."

"நீ பேசாதேய்யா. நான் கேட்டது சாதாரண கதவு ஸ்விட்சுதானே? இந்தச் சனியன் பிடிச்ச சென்சாரை யார் போடச் சொன்னது? மூக்கைச் சொறிஞ்சாக்கூட எரியுது."

"நேத்து அம்மாதான் போன் பண்ணி மாத்தச் சொன்னாங்க சார்."



மூன்று தலைகளும் வீட்டுக்கார அம்மாளின் பக்கம் திரும்பின. அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"தரையில படுத்துக்கிட்டு டேப்பால உங்களையே அளந்தீங்க. அப்புறம் பெட்டியை அளந்தீங்க. சமையல் ரூம்லேர்ந்து எல்லாம் பாத்துட்டுத்தான் இருந்தேன். என்ன திட்டம்னு புரியலை. உள்ள புகுந்தா தெரியட்டும்னு சென்சார் போடச் சொன்னேன். காலையில மெசேஜ் வந்ததும் புரிஞ்சுது. பிஸ்கட் பாக்கெட் காணோம்னதும் உறுதியாயிடுச்சு."

"அப்ப எதுக்கும்மா என்னைக் கூப்பிட்டீங்க?" இன்ஸ்பெக்டரின் குரலில் அனல் பறந்தது.

"புருஷனைக் கடத்திட்டோம்னு மெசேஜ் வந்தா போலீஸைத்தானே கூப்பிடணும்? நீங்க உக்காந்திருந்தாத்தான் அவரால வெளிய வர முடியாது. கொஞ்ச நேரம் கிடக்கட்டும்னு விட்டேன்." மின்மினியைப் பார்த்ததும் அவள் குரல் தணிந்தது. "உன் மேல பழி திரும்பும்னு நினைக்கலை தம்பி. மன்னிச்சிடு. அதான் லூஸ் கான்டாக்ட்னு எடுத்துக் குடுத்தேன். அப்படிச் சொன்னாத்தான் உனக்கு ரோஷம் வரும்."

வீட்டுக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் முட்டியது. "ரெண்டு மாசமா தூக்கம் இல்லை. உங்கம்மா குடுத்த நெக்லஸ்... அதைப் போய்த் தொலைச்சுட்டேனே..."

"எத்தனை தடவை கேட்டேன், ஏன் ஒரு மாதிரி இருக்கீங்கன்னு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" அவள் குனிந்து அவர் கையிலிருந்த குட்டிப் போனைப் பிடுங்கினாள். "போன வருஷம் மூணு குடையைத் தொலைச்சவர் நீங்க. உங்க கைல ஒரிஜினலைக் குடுத்து அனுப்புவேனா? பஸ்ல போனதே டூப்ளிகேட்தான். ஒரிஜினல் எங்கம்மா வீட்ல பத்திரமா இருக்கு."



இன்ஸ்பெக்டர் போனை மின்மினியிடம் திருப்பிக் கொடுத்தாள். "நீ போகலாம்ப்பா. இவங்க ரெண்டு பேரும் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுக்கட்டும்."

ஜீப் கிளம்பிப் போனது. மின்மினி ஏணியை மடக்கினான். பெட்டியை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அம்மா, மர ஆசாரியை வரச் சொல்லி நடுப் பலகையைப் போட்டுடலாமா?"

"வேண்டாம் தம்பி. ஒரு வாரம் அவருக்குப் படுக்கை அங்கதான். நீ சென்சாரைக் கழட்டிட்டு லைட் ஸ்விட்சை மட்டும் வெளிப்பக்கம் வெச்சிடு. அது என் கைல இருக்கட்டும்."