அடங்குநேரத்தில் ஒரு பிரசவம்

மதியம் இரண்டு அடித்ததும் ஆழிவான் நகரம் படுத்துவிடும். மின்தூக்கிகள் ஓய்ந்து நிற்கும். கடைக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டுப் பாய் விரிப்பார்கள். நாலாயிரம் பேரும் அசையாமல் ஒரு மணி நேரம் கிடப்பார்கள். அதற்குப் பெயர் அடங்குநேரம். வெளியே, நகரத்தின் இருபுறமும் விரிந்த வெப்பச்சிறகுகள், கண்ணுக்குத் தெரியாத ஒளியாகச் சூட்டை விண்வெளியின் இருட்டுக்குள் உதிர்த்துக்கொண்டிருக்கும்.

அப்போது விழித்திருக்க வேண்டியவள் சிறகுக் கண்காணிப்பாளர் யாழரசி. பூமியிலிருந்து வந்த புதிதில் அவளுக்கும் இது புரியவில்லை. சூடாக இருந்தால் ஏசியைப் போட வேண்டியதுதானே என்று நினைத்திருக்கிறாள். எந்த இயந்திரமும் வாங்கிய ஆற்றலை முழுவதும் வேலையாக்குவதில்லை என்பது இங்கேதான் உறைத்தது. உராய்வைக் குறைக்கலாம், கம்பியை மாற்றலாம். ஒரு பங்கு எப்படியும் சூடாகக் கசியும். குளிர்விக்கும் இயந்திரம்கூட உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளும்போது தன் சூட்டையும் சேர்த்துத்தான் தள்ளும். பூமியில் காற்றும் கடலும் அதை வாங்கிக்கொள்ளும். இங்கே வெளியே காற்றே இல்லை. சிறகுகளை விட்டால் வேறு வழியில்லை.

போன வாரம் ஒரு விண்கல் துணுக்கு இடச்சிறகைக் கிழித்துவிட்டது. அடங்குநேரம் மூன்று மணி நேரமாக நீண்டது. வீட்டுக்கு ஒரு சின்னக் கூலர் மட்டும் ஓடலாம்.

அன்று இரண்டரைக்கு மருத்துவமனையிலிருந்து டாக்டர் ஜெபமணி அழைத்தார்.

"யாழரசி, இங்க ரெபேக்காள்னு ஒரு பொண்ணுக்கு வலி வந்துடுச்சு. குழந்தைக்குக் கொடி சுத்தியிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணியாகணும். தியேட்டர் ஒரு மணி நேரம் ஓடணும்."

அவள் திரையைப் பார்த்தாள். ஒற்றைச் சிறகு ஏற்கெனவே எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இப்ப ஓட்டினா பாதுகாப்புப் பூட்டு விழுந்துடும் டாக்டர். பாதியில தியேட்டரே அணைஞ்சுடும். ரெண்டு நிமிஷம் குடுங்க."

இனி நிறுத்துவதற்கு மிச்சமிருந்தவை வீட்டுக் கூலர்கள்தான். அவற்றை நிறுத்தச் சொல்லி உத்தரவிட அவளுக்கு அதிகாரம் இல்லை. ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"மருத்துவமனையில ஒரு குழந்தை பிறக்கணும். முடிஞ்சவங்க உங்க கூலரை நிறுத்துங்க. உடம்பு முடியாதவங்க வேண்டாம்."

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் ஒரு கூலரின் புள்ளி அணைந்தது. அடுத்து மூன்று. அப்புறம் தெருத்தெருவாக, தூக்கம் வந்த கண்கள் மூடுவதைப் போல மெல்ல மெல்ல அணைந்தன. அவற்றில் அவள் வீட்டுப் புள்ளியும் இருந்தது.

அவள் கணவன் சேந்தனுக்கு நரம்பு நோய். உடம்பு சூடேறினால் கால் தளரும், பார்வை போய்விடும். அவன் போட்டிருக்கும் குளிர்ச்சட்டை அந்தக் கூலரில்தான் ஓடியது.

"நீங்க ஏன் நிறுத்துனீங்க?" என்று அழைத்துக் கேட்டாள். "முடியாதவங்க வேண்டாம்னுதானே சொன்னேன்."

"படுத்துதானே கிடக்கேன். கண்ணு கொஞ்ச நேரம் மங்கும், அப்புறம் வந்துடும். நீ அங்க பாரு."

அவன் கூலரை இங்கிருந்தே முடுக்கும் விசை அவள் கையருகே இருந்தது. சிறகில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். தியேட்டருக்குச் சரியாக இருந்தது. அதற்கு மேல் ஒரு கூலருக்கும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தியேட்டரைப் போடுங்க டாக்டர்."

நகரத்தின் சூடு முப்பத்தொன்பது டிகிரிக்கு ஏறியது. இருட்டில், வெதுவெதுப்பான நீருக்கடியில் கிடப்பதைப் போல எல்லோரும் கிடந்தார்கள். யாரும் கூலரைத் திரும்பப் போடவில்லை. மூன்றே முக்காலுக்கு ஜெபமணி அழைத்தபோது அவர் குரலுக்கு முன்னால் ஓர் அழுகை கேட்டது.

ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் குழந்தையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சேந்தன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காலடிச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். பார்வை அவளைத் தாண்டி எங்கோ போனது.

"இன்னும் தெரியலையா?"

"வந்துடும். பாப்பா எப்படி இருக்கு?"

"பொண்ணு. தலை நிறைய முடி."

"கை எவ்வளவு பெருசு?"

அவள் அவன் உள்ளங்கையை விரித்தாள். அது இன்னும் சுட்டது. மணிக்கட்டிலிருந்து நடுவரை தன் விரலால் ஒரு கோடு இழுத்து நிறுத்தினாள்.

"இவ்வளவுதானா?" என்றான்.

"இவ்வளவுதான்."