அப்பாவின் கண்ணாடியும் ஓடைக்கரைக் கள்ளியும்

"நீ வராட்டில் நான் தனியப் போறன்!" மதுரா சப்பாத்தை மாட்டிக்கொண்டாள்.

புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் அன்று அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசம். காகத்துக்கு வைக்கும் படையலை அம்மா பின்வளவுப் படியில் வைத்தாள். அப்பா கண்ணாடி போடாமல் சாப்பிட மாட்டார் என்று, அவருடைய மூக்குக்கண்ணாடியையும் வாழையிலை ஓரத்தில் வைத்துவிட்டாள். காகம் வரவில்லை. வளையம் போட்ட வாலும் முகமூடி மாட்டியது போன்ற கறுத்த முகமுமாக, ரக்கூன் என்ற காட்டு விலங்கு ஒன்று வந்தது. பாயசம் சிந்திய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தாக்குக்குள் ஓடிவிட்டது!

அம்மா அழவில்லை. சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அதுதான் மூத்தவள் துளசிகாவைப் பயமுறுத்தியது. படையலில் மிஞ்சிய பொங்கற் புக்கையை ஒரு துண்டு இலையில் சுற்றிக்கொண்டு தங்கையின் பின்னால் இறங்கினாள்.

சேற்றில் குழந்தைக் கைகளைப் போன்ற தடங்கள்!

"தண்ணிக்குத்தான் போயிருக்கும். எதையும் நனைச்சுத் தடவிப் பார்க்காமல் அது விடாது" என்றாள் துளசிகா.

"சரியான துப்புரவுக்காரி!"

சரிவில் மதுரா சறுக்கினாள். அக்கா அவளை எட்டிப் பிடித்தாள். கீழே ஓடைக்கரையில் நண்டு ஓடுகளும் பறவை முட்டைக் கோதுகளும் கிடந்தன. தண்ணீரில் நின்ற ரக்கூன் கண்ணாடியை உருட்டி உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தது.

மதுரா கல்லை எடுத்தாள்.

"எறியாதையடி! மேல பார்!"

மரப்பொந்திலிருந்து மூன்று கறுப்பு முகமூடிகள் எட்டிப் பார்த்தன. தாய் உறுமியது.

துளசிகா ஒரு உருண்டைப் புக்கையை மெல்ல உருட்டிவிட்டாள். ரக்கூன் கண்ணாடியைக் கைவிட்டு, புக்கையைப் பிடித்துத் தண்ணீரில் அமிழ்த்தியது. புக்கை கரைந்து போயிற்று. அது எங்கோ பார்த்தபடி நிற்க, கைகள் மட்டும் நீருக்கடியில் தேடின, தேடின.

அம்மாவும் அப்படித்தான். காலையில் கண் திறக்காமலே கட்டிலின் மறுபக்கத்தைத் தடவுவாள்.

"அக்கா, என்ன பார்க்கிறாய்? கெதியா எடு!"

துளசிகா முழங்கால் நீரில் பாய்ந்தாள். கண்ணாடி கைக்கு வந்தது! பொந்துக்கு எட்டும் தூரத்தில் மீதிப் புக்கையை வைத்துவிட்டு, இருவரும் மேட்டில் ஏறி ஓடினார்கள்.

அம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுப் பார்த்தாள்.

"ஆரடி அந்தக் கள்ளி?"

"மூண்டு குட்டிக்காரி, அம்மா."

அம்மா அன்று முதல்முறையாகச் சிரித்தாள். "உங்கட அப்பா இருந்திருந்தால் வடையும் குடுத்து அனுப்பியிருப்பார். வாற வருசம் அதுக்கும் ஒரு இலை போடுவம்." பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "இது மட்டும் உள்ளுக்க இருக்கட்டும்."