பூசை போடாத வண்டி

கலையரசனுக்குக் குனிய முடியவில்லை. இடுப்புக்குக் கீழே யாரோ கடப்பாரையை நட்டு அசைத்துப் பார்ப்பது போலிருந்தது. காலையிலிருந்து ஷெட்டில் குந்தி உட்கார்ந்து வண்டிக்கு மெழுகு தேய்த்த வலி. சின்ன வயதில் அப்பாவோடு லாரிக்கு ஜல்லி ஏற்றியபோது இதைவிட அதிகமாக வலித்திருக்கிறது. ஆனால் அந்த வலிக்குப் பின்னால் தூக்கம் வந்தது. இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தான். வண்டியின் பின்பக்கம் இறங்கியிருந்தது.

அதிகமில்லை. காலையில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ளங்கை நுழைந்தது, இப்போது விரல்தான் நுழைந்தது. டயரில் காற்று சரியாக இருந்தது. ஸ்பிரிங் புதுசு. உள்ளே ஒரு ஸ்பேனர்கூட இல்லை. பாரம் ஏற்றிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு, வண்டி இறங்கி நிற்பதைப் பார்த்தே எவ்வளவு பாரம் என்று சொல்லத் தெரியும். ஒரு ஆள் பாரம்.

டாடா எஸ்டேட். தொண்ணூறுகளில் வந்த வண்டி, முதுகு நீண்ட வண்டி. பின்சீட்டை மடக்கிவிட்டால் ஒரு மனிதன் காலை நீட்டிப் படுக்கலாம். பன்னிரண்டு வயதில் டவுனில் ஒரு டாக்டர் வீட்டுக்கு மணல் கொட்டப் போனபோது, போர்டிகோவில் இப்படி ஒன்று நின்றது. அதன் கதவை இவன் தொட்டதற்கு டாக்டர் வீட்டு டிரைவர் மண்டையில் ஒரு தட்டு தட்டினான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். கட்டட வேலைகளுக்குச் சென்ட்ரிங் ஷீட்டும் சவுக்குக் கம்பும் வாடகைக்கு விட்டு நாலு காசு பார்த்த பிறகு முதலில் ஒரு கான்டெஸா கார் வாங்கினான், அப்புறம் ஒரு லான்சர். விடிகாலையில் செங்கம் ரோட்டில் அந்த லான்சரை மூன்றாவது கியரில் கத்தவிட்டுக் கேட்பதுதான் அவனுக்குச் சுப்ரபாதம். அதையும் விற்றுத்தான் இந்த எஸ்டேட்டை எடுத்தான். இரண்டு வருஷ வேலை. துருவைச் சுரண்டி, தகடு மாற்றி, சந்தன நிறத்தில் சீட்டு தைத்து, பின்தளத்துக்கு அதே நிறத்தில் கார்ப்பெட் ஒட்டி முடித்த மறுநாள் காலை கோயிலுக்கு முன்னால் நிறுத்திப் பூசை போடுவதாக இருந்தது. மாலை, பூசணிக்காய், டயருக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று.

அதற்கு முந்தின சாயங்காலம்தான் பக்கத்து மனையில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த சகாதேவன் சாரத்திலிருந்து விழுந்தான்.

மாறன்தான் ஓடிவந்தான். கொத்தனார். கையெல்லாம் சிமெண்ட், அதன் மேலே சிவப்பு. "ணா, வண்டிய எடுணா! சகாதேவன் வுழுந்துட்டான்ணா, பேச்சு மூச்சு கம்மியா கீதுணா!"

கலையரசன் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தான். சிமெண்ட் மூட்டைகளின் மேல் படுக்கவைத்திருந்தார்கள். காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. சந்தன நிறக் கார்ப்பெட் கண்ணுக்குள் வந்தது. பூசை போடாத வண்டியில் முதல் சவாரி ரத்தமா என்று மனசு கேட்டது. மனசு கேட்டு முடிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"பேட்டரி டவுன்பா. ஸ்டார்ட் ஆவாது."

"வயரு போட்டு எடுக்கலாம்ணா, மேஸ்திரி டாட்டா ஏஸு நிக்குது, ஒரு நிமிசம்..."

"செல்ஃபும் போச்சு. ஆம்புலன்ஸுக்குப் போடு, சீக்கிரம் போடு."

அந்த ஏஸ் சரக்கு வண்டியின் தொட்டியில் கம்பி நிறைந்து கிடந்தது, இறக்க நேரமில்லை. அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் ரோட்டையெல்லாம் அடைத்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் வரவேண்டியிருந்தது. இந்த வேங்கிக்காலிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குக் குறுக்கே போனால் பத்து நிமிஷம்கூட ஆகாது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சகாதேவன் தலையைத் திருப்ப முடியாமல், ஷெட்டில் நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தபடியே உயிரை விட்டான்.

மனைவி வினோதினி மட்டும் இரவு சோறு போடும்போது கேட்டாள். "பேட்டரி டவுனா?"

"ம்."

அன்றிலிருந்து அவன் சாப்பிடும்போது அவள் எதிரில் உட்காருவதில்லை.

மறுநாள் பூசைக்கு எடுக்க முடியவில்லை. எடுத்தால் தெரு பார்க்கும். எலுமிச்சம்பழம் ஷெட்டு மூலையில் காய்ந்து கறுத்தது. மெழுகு தேய்ப்பதைத் தவிர அந்த வண்டியை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கேட்டில் சத்தம் கேட்டது. ஆதிலட்சுமி. சகாதேவனின் மனைவி. நெற்றி வெறுமையாக இருந்தது. கலையரசனுக்கு அப்படியே ஷெட்டுக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"நாளைக்குக் கருமாதிணா. அடி அண்ணாமலையில எங்க மாமியார் வூட்டாண்ட. நீங்களும் அண்ணியும் வந்துடுங்க."

"வர்றம்மா. வராம இருப்பமா."

"மாறன் அண்ணன் சொன்னாருணா. அன்னிக்கு வண்டி ஓடலன்னு நீங்க எப்டித் தவிச்சீங்கன்னு." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உங்க மேல ஒண்ணும் இல்லணா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. அவுருக்கு இந்த வண்டின்னா உசுரு. வூட்டுக்கு வந்தா இதே பேச்சுதான். பின்னாடி படுத்துக்கினே மெட்ராஸ் போலாம்டின்னுவாரு."

கலையரசன் மெழுகுத் துணியைக் கையில் சுருட்டினான். சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். பேட்டரி நல்லாத்தான் இருந்ததும்மா.

"வெயில் ஜாஸ்தி இன்னிக்கு," என்றான்.

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். இரண்டடி வைத்தவள் நின்று, ஷெட்டு இருட்டுக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"தூங்குறாங்களாணா?"

"யாரு?"

"வண்டி பின்னாடி. யாரோ படுத்துக்கினு கீறாங்களே. உங்க மச்சானா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். அவள் செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. பிறகு கரண்ட் போனது.

மழை வருவதற்கு முன் வருகிற காற்று மலைப் பக்கமிருந்து இறங்கி, ஷெட்டின் தகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகத்தால் கீறியது போல் கீறிக்கொண்டு போயிற்று. மெழுகும் பெட்ரோலும் புது ரெக்சினும் மணந்த இடத்தில், அவனுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு வாடை எழுந்தது. தண்ணீர் ஊற்றிக் குழைத்த சிமெண்ட் வாடை. லாரி இல்லாத நாளில் அப்பா கட்டட வேலை முடிந்து வந்து கட்டிப்பிடிக்கும்போது வருகிற வாடை. அதற்கு அடியில், வாயில் இரும்பாணியை வைத்தது போல், ரத்தம். கலையரசன் போன் வெளிச்சத்தைப் பின்கண்ணாடியில் அடித்தான். கண்ணாடி உள்பக்கம் பனித்திருந்தது. தலை இருக்கவேண்டிய இடத்துக்கு நேராகப் பனித்து, அடங்கி, மறுபடி பனித்தது.

டிக்கிக் கதவைத் தூக்கினான். ஒன்றுமில்லை. கார்ப்பெட் சுத்தமாக இருந்தது. ஆனால் அமுங்கியிருந்தது. பின்மண்டைக்கு ஒரு குழி. தோளுக்கு இரண்டு. குதிகாலுக்கு இரண்டு. கை வைத்தான். சூடு.

கதவை மூடிவிட்டு உள்ளே ஓடியிருக்கலாம். வினோதினி மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தாள், குரல் கொடுத்திருக்கலாம். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவன் டிக்கியை மெல்ல மூடி, டிரைவர் சீட்டில் ஏறினான். சாவியைப் போட்டான். அரைத் திருப்பில் இன்ஜின் எழுந்தது. அவ்வளவு நல்ல பேட்டரி.

மழை பிடித்துக்கொண்டிருந்தது; தெருவில் பக்கத்து மனை வேலையாட்கள் ஒதுங்கி நின்றார்கள். ஹெட்லைட் வெளிச்சம் அவர்கள்மேல் பட்டது. நடுவில் மாறன். பீடி வாயில் அப்படியே நின்றது. வண்டியைப் பார்த்தான். கலையரசனைப் பார்த்தான். கலையரசன் கண்ணை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான்.

பின்னால் மூச்சு. இழுத்து இழுத்து. ஒவ்வொரு பள்ளத்திலும் தொண்டைக்குள் ஒரு முனகல். "மெதுவாப் போறேன்பா," என்றான் கலையரசன். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "தோ, வந்துட்டம். தோ."

பெரியாஸ்பத்திரி வாசல். ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓர் ஊழியர் ஓடிவந்தார். சட்டைப் பையில் ஜானி பாஷா என்று அட்டை. டிக்கியைத் தூக்கினார்.

ஜானி பாஷா உள்ளே குனிந்து பார்த்தார்.

"எங்கங்க ஆளு?"

கலையரசன் திரும்பவில்லை. தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்தது. சந்தன நிறக் கார்ப்பெட்டில் மல்லாந்து கிடந்தான் சகாதேவன். இமைமயிரில் சிமெண்ட் தூள். கண் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு. ஜானி பாஷாவின் கை அவன் நெஞ்சுக்குள் புகுந்து கார்ப்பெட்டைத் தடவியது.

"சார், உங்களத்தான். யாரக் கூட்டியாந்தீங்க? பேரு இன்னா?"

பேர். ஒரு பேர்தான். சொன்னால் எப்போது விழுந்தார் என்று கேட்பார்கள். ஏன் இவ்வளவு லேட்டு என்று கேட்பார்கள்.

"தெரிஞ்சவங்க..." என்றான். "வேற வண்டில வந்துட்டாங்க போல."

"இன்னா சார், தண்ணியா? மழையில ஓடியாந்தா வெளையாடுறீங்க." டிக்கி அறைந்து மூடியது. ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தம் தூரம் போனது.

வண்டியின் பின்பக்கம் எழவில்லை.

கண்ணாடியில், அன்றைக்குத் திருப்ப முடியாமல் கிடந்த அந்தத் தலை மெல்லத் திரும்பியது. கழுத்து எலும்பு சரளைக்கல் மிதிபட்டது போல் நெரிந்தது. கூரையை விட்ட கண் இவனிடம் வந்து நின்றது. கோபமில்லை. அழுகையில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வண்டிக்குக் காத்திருக்கிறவனின் பொறுமை. வாய் திறந்தது. உள்ளே நாக்கு வரைக்கும் ஈரச் சிமெண்ட்.

"போலாமாணா?"

கலையரசனின் கால் தானாகக் கிளட்சை மிதித்தது.

வேங்கிக்காலிலிருந்து பெரியாஸ்பத்திரி வரைக்கும், உயிர் இருக்கும்போதே ஒரு சவாரி. சகாதேவனுக்கு அவன் தரவேண்டியது அது. எத்தனை தடவை ஓட்டினாலும் பாக்கி.