கணக்கு டீச்சர் நின்ற பால்கனி

உச்சி வெயிலில் அந்த வீட்டு வாசலில் கார் நின்றது. அரசு வக்கீல் காலை வெளியே வைப்பதற்குள் அவன் கேட்டுக்கே வந்துவிட்டான். மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஜாமீனில் இருப்பவன், வீட்டைச் சோதிக்க வந்த வக்கீலை, பெண் பார்க்க வந்த சம்பந்தியை வரவேற்பதுபோல வரவேற்றான்.

"வாங்க மேடம். இந்த வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல ஏதாவது குடிங்க."

தேன்குரல் என்றுதான் ஊரில் அவனுக்குப் பெயர். மண்டபம் மண்டபமாகப் போய்க் குடும்ப வாழ்க்கையைப் பற்றிப் பேசிப் பிழைப்பவன். "மனைவிதான் வீட்டின் மூச்சு" என்று சொல்லும் இடத்தில் குரலைத் தழைத்து, கொஞ்சம் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொள்வான். கூட்டமும் துடைத்துக்கொள்ளும். மனைவி காணாமல் போன பிறகு அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் துடைத்தான். கூட்டமும் கூடியது. அரசு வக்கீல் தன் காலத்தில் வெட்டுக்குத்துக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவள். இவ்வளவு மலிவான ஒருவனைப் பார்த்ததில்லை.

அவன் மனைவி, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவன் பேச்சுக்கு மயங்காத ஒரே ஆள். "மேடையில அழறதுக்கு வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு பழகறான்டி" என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தவள். அவனை விட்டுப் போகப்போவதாகவும் சொன்னாள். சொன்ன வாரத்திலேயே காணவில்லை. கைப்பை, செருப்பு, கழற்றினால் எதிரே வருவது யாரென்றே அவளுக்குத் தெரியாத அந்த மூக்குக்கண்ணாடி, எல்லாம் வீட்டில் இருந்தன. டீச்சர் மட்டும் இல்லை. போலீஸ் ஆற்றைத் துழாவியது, கிணறுகளை இறைத்தது. பிணம் கிடைக்கவில்லை.

பிணம் இல்லாத கொலை வழக்கு, காலில்லாத நாற்காலி மாதிரி. யார் கொன்றது என்ற பேச்சுக்குப் போவதற்கு முன், அவள் செத்துவிட்டாள் என்பதையே நிரூபித்தாக வேண்டும்.

"மேல போய்ப் பார்க்கணும்" என்றாள் வக்கீல்.

"தாராளமா. அவளோட அறை. நான் அங்க போறதில்ல, மனசு தாங்காது" என்றான் தேன்குரல்.

கூட வந்த இன்ஸ்பெக்டர் முன்னால் ஏறினார். மாடியறையில் ஒரு கட்டில், புத்தக அலமாரி, மேஜை. எதிர்ச்சுவரில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் செங்கல். பூச்சுகூட இல்லாமல், அவசரத்தில் அடுக்கியதுபோலப் பச்சையாக நின்றது.

"இது என்ன?"

"பால்கனிக்குப் போற கதவு மேடம். நாங்க முதல்ல வந்தப்போ கதவு இருந்துச்சு. ஜாமீன்ல வந்தப்புறம் அடைச்சிருக்கான். திருட்டு பயமாம்."

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. சிக்னல் கிடைக்காமல் கீழே இறங்கிப் போனார்.

வக்கீல் தனியாக நின்றாள். காற்றே இல்லை. அப்போதுதான் அந்த வாடை வந்தது. அப்போதே தோண்டிய பள்ளத்தின் ஈர மண் வாடை. மழை பெய்து பல வாரம் ஆகியிருந்தது.

டக்.

அவள் திரும்பினாள்.

டக். பிறகு நீளமாக ஒரு கிறீச்.

பள்ளிக்கூடம் போன எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். கரும்பலகையில் சாக்பீஸ் ஓடும் சத்தம். செங்கல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. நிதானமாக, ஒரு வரி முடித்து அடுத்த வரி தொடங்கி.

அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். வெயில் நேராக விழும் சுவர். கொதிக்க வேண்டும். ஆனால் சில்லென்று இருந்தது.

சத்தம் நின்றது.

அவள் கை இருந்த இடத்துக்கு நேர் எதிரில் நின்றது.

படிகளை அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தாள். காலி பால்கனி. ஏறிப்போக ஏணி இல்லை, குழாய் இல்லை. "புறாவா இருக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். இத்தனை வருஷம் வாதாடியவளுக்குத் தன்னை நம்பவைக்கத் தெரியவில்லை.

உள்ளே வந்தபோது தேன்குரல் மாடிப்படியின் அடியில் நின்றிருந்தான். முதல் படியில்கூடக் கால் வைக்கவில்லை.

"மேல ஏதாவது சத்தம் கேட்டுச்சா மேடம்?"

அந்தக் குரலில் தேன் இல்லை.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. எலித் தொல்லை."

அடுத்த வாரம் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நீதியைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து எல்லோருக்கும் பிட்டுக் கொடுப்பவர்போல நடக்கும் மனிதர். தன் கட்சிக்காரருடைய மனைவி உயிரோடு இருப்பதற்குச் சாட்சி இருக்கிறது என்றார். கூடம் சலசலத்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சரின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூண்டில் ஏறியவர் அந்த வீட்டின் பின்பக்கத்துக்கு எதிரில் இருக்கும் பல் டாக்டர். தேன்குரலுக்கு நண்பர் இல்லை. கூட்டங்களுக்குப் போனவரும் இல்லை.

"பார்த்தேங்க. பால்கனியில நின்னாங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை. பட்டப்பகல்ல. என் பொண்ணுக்கு அவங்கதான் கணக்கு சொல்லிக்கொடுத்தாங்க. எனக்கு அடையாளம் தெரியாதா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் வக்கீலுக்குச் சிக்கல். பொய்ச்சாட்சியை உரித்துத் தொங்கவிட அவளுக்குத் தெரியும். உண்மை சொல்பவரை என்ன செய்வது?

குறுக்கு விசாரணைக்கு எழுந்தாள். "என்ன உடுத்தியிருந்தாங்க?"

"பச்சை உடை."

காணாமல் போன அன்று உடுத்தியிருந்தது. "மூக்குக்கண்ணாடி?"

"இல்ல. அது எனக்கும் வித்தியாசமா இருந்துச்சு." டாக்டர் தயங்கினார். "இன்னொண்ணு. ஒரு நாள் நல்ல காத்து. கொடியில துணியெல்லாம் பறக்குது. அவங்க முடி மட்டும் அசையவே இல்ல."

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் புன்னகைத்தார். "முடி அசையாம இருக்கறது சட்டப்படி மரணம் இல்லீங்க, கனம் நீதிபதி அவர்களே."

வெளியே வராந்தாவில் தங்கை ஓடிவந்து வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது சிவந்த முகத்தில் மாதக்கணக்கில் இல்லாத ஒரு வெளிச்சம்.

"மேடம், அக்கா இருக்கா. கேட்டீங்கல்ல? கேஸ் தோத்தா தோக்கட்டும் மேடம். அத்தான் எக்கேடோ கெட்டுப் போகட்டும். அக்கா இருக்கா, அது போதும்."

அவளுக்கு என்ன பதில் சொல்வது? உன் அக்கா இறந்துவிட்டாள் என்று நிரூபிக்கத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன் என்றா? தேன்குரல் இருவரையும் கடந்து காருக்குப் போனான். தங்கையைப் பார்த்துத் தலையசைத்தான், ஆறுதலாக. மேடையில் செய்வதுபோல.

மறுநாள் மதியம் வக்கீல் யாரிடமும் சொல்லாமல் அந்த வீட்டின் பின்சந்துக்குப் போனாள். இருபக்கமும் சுவர், நடுவில் சாக்கடை, தலைக்கு மேல் துணிக்கொடிகள். ஆள் நடமாட்டம் இல்லை. எங்கோ ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

ரேடியோ நின்றது.

மண் வாடை வந்தது.

அவள் மெல்ல அண்ணாந்து பார்த்தாள்.

பால்கனியில் டீச்சர் நின்றிருந்தாள். பச்சை உடை. தோளில் விழுந்த முடி, வரைந்து வைத்ததுபோல அசைவில்லாமல். சந்தில் எல்லோர் வீட்டுத் துணியும் காற்றில் படபடத்தது. அவள் கீழ்த்தளத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை இழுத்து மூடிய ஜன்னல். அதற்குப் பின்னால் தேன்குரல் இருக்கிறான் என்று வக்கீலுக்குத் தெரியும். டீச்சர் முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாணவனைப் பார்க்கும் அலட்சியம். இவ்வளவுதானா நீ, என்பதுபோல.

வக்கீல் பேசினாள். கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"டீச்சர், வராதீங்க. நீங்க வர வர அவன் தப்பிக்கறான். தீர்ப்பு வரைக்குமாவது வராதீங்க."

டீச்சரின் தலை திரும்பியது.

தலை மட்டும்.

அந்தக் கண்கள் இப்போது வக்கீலைப் பார்த்தன. அதே அலட்சியம். விடையைக் கையில் வைத்துக்கொண்டே தெரியவில்லை என்று நிற்கும் மக்குப் பெண்ணைப் பார்ப்பதுபோல. பிறகு ஒரு கை மெல்ல உயர்ந்தது. பக்கத்தில் இருந்த செங்கல் அடைப்பை விரல் நகத்தால் தட்டியது.

டக்.

"மேடம்! நீங்களா?"

பின்னால் பல் டாக்டர் நின்றிருந்தார். வக்கீல் திரும்பிப் பார்ப்பதற்குள் பால்கனி காலியாகிவிட்டது. ரேடியோ விட்ட இடத்திலிருந்து பாடியது.

டாக்டரின் முகமும் வெளுத்திருந்தது. பார்த்தீர்களா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"டாக்டர்," என்றாள் வக்கீல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "முதல்தடவை பார்த்தப்போ யார்கிட்ட சொன்னீங்க?"

"அவர்கிட்டதான். சந்தோஷமான விஷயமாச்சேன்னு ஓடினேன். 'சார், உங்க மிசஸ் வந்துட்டாங்க, மாடில நிக்கறாங்க'ன்னு சொன்னேன்."

"அவர் என்ன பண்ணினார்?"

"ஒண்ணும் சொல்லல. உள்ள போய் வாசக்கதவைச் சாத்திக்கிட்டார். மறுநாள் கொத்தனார் வந்துட்டான்."

வக்கீலுக்கு இருட்டில் சுவிட்ச் கையில் பட்டதுபோல இருந்தது.

தேன்குரல் தானே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல விரும்பினான். விரும்பாமல் இருப்பானா? கூட்டம், மௌனம், எல்லோர் கண்ணும் தன் மேல். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அரைமணி நேரம் உருகினான். வாசலில் நின்ற காவலர்கூட மூக்கை உறிஞ்சினார்.

பிறகு அரசு வக்கீல் எழுந்தாள்.

"உங்க மனைவி உயிரோட இருக்கறதா நம்பறீங்களா?"

"அந்த நம்பிக்கையிலதான் மூச்சு விடறேன்."

"பல் டாக்டர் சொன்னதை நம்பறீங்க?"

"எனக்காகவே வந்த சாட்சி அவர்."

"அவர் ஓடிவந்து உங்க மனைவி மாடில நிக்கறாங்கன்னு சொன்னார். நீங்க மாடிக்கு ஓடினீங்களா?"

"அது... அதிர்ச்சியில..."

"போலீசுக்குச் சொன்னீங்களா? அழுதுகிட்டு இருந்த உங்க மச்சினிக்கு ஒரு போன்?"

அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தக் கதவை அடைச்சீங்க. கொத்தனார் வெளியில நிக்கறார், கூப்பிடட்டுமா? தொலைஞ்சு போன பொண்டாட்டி திரும்பி வந்து நிக்கறா. அவ உள்ள வர்றதுக்கு இருந்தது அந்த ஒரே கதவு. அதைச் செங்கல் வெச்சு அடைச்ச புருஷன் நீங்க. இதை எந்த மேடையில பேசப்போறீங்க?"

"திருட்டு பயம்."

"யாருக்கு பயந்தீங்க?"

மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனாலும் கூடத்தில் காற்று நின்றுபோனது. ஈர மண் வாடை மெல்லப் பரவியது. நீதிபதி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். தேன்குரல் வக்கீலைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான்.

அவள் திரும்பவில்லை. பிடரி சில்லிட்டது. திரும்பக் கூடாது என்று தெரிந்தது.

"அது அவ இல்ல" என்றான் அவன்.

"டாக்டர் அவங்கதான்னு சொல்றாரே."

"இல்லைன்னு சொல்றேன்ல!" தேன் எல்லாம் வடிந்து, கிழிந்த தகரம் மாதிரி ஒரு குரல் வந்தது. "அவ எப்படி வர முடியும்? அவ்வளவு ஆழத்துல..."

நிறுத்தினான்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழப்போனவர் அப்படியே உட்கார்ந்து, தன் பேனாவின் மூடியைப் போட்டுக்கொண்டார்.

எவ்வளவு ஆழம், எந்த இடம் என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாதி வாக்கியமும் அந்தச் செங்கலும் போதுமாக இருந்தன. ஆயுள் தண்டனை. தீர்ப்பைக் கேட்டு அவன் அழுதான். சளியும் கோணலுமாக, பழகாத அழுகை. யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

தங்கை மட்டும் காலியான கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். "அப்போ நிஜமாவே அக்கா இல்ல. இல்லையா மேடம்?" வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயித்த வழக்கு.

மழை தொடங்கிய பிறகு ஒரு மதியம் வக்கீலின் அலுவலகத்துக்கு ஜெயிலிலிருந்து போன் வந்தது. ஜெயில் அதிகாரி கூச்சத்தோடு பேசினார்.

"மேடம், ஒரு சின்னக் குழப்பம். அந்தப் பேச்சாளர் பொண்டாட்டியைக் கொன்னதுக்குத்தானே உள்ள இருக்கார்?"

"ஆமா. ஏன்?"

"பார்வையாளர் அறையில ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருக்காங்க. யாருன்னு கேட்டா பதில் இல்ல. அவர் கம்பி வழியா எட்டிப் பார்த்துட்டு, 'என் பொண்டாட்டி, உள்ள விடாதீங்க'ன்னு ஒரே கத்தல். கேக்குதா உங்களுக்கு?"

கேட்டது. தூரத்தில், ஓர் ஆணின் அலறல்.

"அவங்களை..." வக்கீல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அவங்க இப்போ எங்க?"

"இருங்க மேடம், பார்க்கறேன்."

காலடிகள். நாற்காலி இழுபடும் ஓசை. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு அதிகாரி மறுபடி பேசினார், மிகவும் தாழ்ந்த குரலில்.

"பெஞ்சுல காணோம் மேடம். அவர் பக்கம் போற உள்கதவு பூட்டினது பூட்டினபடியே இருக்கு."

கொஞ்ச நேரம் போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அவர் கத்தறதும் நின்னுடுச்சு."