எலுமிச்சம்பழக் கொலைகாரன்

போன் அலறியது.

"கொலை... மேடம், கொலை!"

திண்டிவனம் ஸ்டேஷனில் டீயை வாயருகே கொண்டுபோன எஸ்.ஐ. அமலா, கிளாஸை அப்படியே மேஜைமேல் வைத்தாள்.

"எங்க? செத்தது யாரு?"

"நான்தான் மேடம்!"

அரை மணி நேரத்தில் அந்தப் 'பிணம்' நொண்டிக்கொண்டே படியேறி வந்தது. பெயர் துரைக்கண்ணு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை விவசாயி. வலது கால் உலக்கை என்றால், இடது கால் உரல்! அப்படி ஒரு வீக்கம்.

பின்னால் மனைவி வெள்ளையம்மாள். தலை நிறைய மல்லிகைப்பூ. கையில் மஞ்சள் பை.

பையிலிருந்து தடயம் வெளியே வந்தது... குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம்! நாலு மிளகாயோடு சேர்த்துப் பச்சை நூலில் கட்டியிருந்தது.

"மோட்டார் கொட்டாய் வாசல்ல கெடந்துச்சி மேடம். மிதிச்சிட்டேன். பக்கத்துக் கொல்லைக்காரன் தேவநாதன் வெச்ச செய்வினை! எங்களுக்குள்ள வரப்புத் தகராறு. கொலை முயற்சின்னு எழுதுங்க!"

"காலு எப்பலேர்ந்து வீங்கிக்கினு இருக்கு?"

"பத்து நாளா."

"பழத்த மிதிச்சது?"

"இன்னிக்கி காலைல."

அமலாவின் புருவம் உயர்ந்தது.

"பழம் வரப்போவுதுன்னு காலு முன்கூட்டியே பயந்து வீங்கிடுச்சா?"

துரைக்கண்ணு குனிந்து தன் காலையே பார்த்தான். வெள்ளையம்மாள் முந்திக்கொண்டாள்.

"மேடம், போலீஸு மெமோ போட்டா ஆஸ்பத்திரிக்கி கட்டாயம் போயாவணுமாமே? போடுங்க மேடம். ஜல்தி!"

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை. சேதி கேட்டு 'குற்றவாளி'யே ஓடிவந்துவிட்டான்!

"நானா உன்னக் கொல்லுவேன்? வரப்ப நீயே வெச்சிக்கோண்ணே! காலக் குடு... எண்ணெய் போட்டு உருவி வுடறேன்."

தேவநாதனின் கை கெண்டைக்காலை நெருங்கியது. இன்னும் ஒரு சாண்... நாலு விரற்கடை...

"கைய எடுங்க!"

ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஓடிவந்த டாக்டர் அஸ்வினியின் அலறல்.

"உள்ள ரத்தம் உறைஞ்சி கட்டியிருக்கு. உருவினா அது பிச்சிக்கிட்டு நுரையீரலுக்குப் போயிடும். அங்கேயே ஆள் காலி!"

"அடப்பாவி!" என்றான் துரைக்கண்ணு.

"பாசத்துல வந்தேண்ணே!" தேவநாதன் எண்ணெய் பாட்டிலோடு சுவரில் ஒட்டிக்கொண்டான்.

டாக்டர் கேட்டாள். "சமீபத்துல ஆபரேஷன்? கால்ல அடி? படுத்த படுக்கையா இருந்தீங்களா?"

"எதுவுமில்லீங்க."

"எடை?"

"ஆறு மாசத்துல ஏழு கிலோ கொறைஞ்சிட்டாரு," என்றாள் வெள்ளையம்மாள். "அரணாக்கயித்த ரெண்டு வாட்டி இறுக்கிட்டாரு, டாக்டரம்மா."

"காரணமே இல்லாம ரத்தம் உறைஞ்சா, நிறைய பேருக்கு அதுக்குப் பின்னால வேற வியாதி ஒண்ணும் இருக்காது. சில பேருக்கு மட்டும் உள்ள ஒருத்தன் ஒளிஞ்சிருப்பான். தேடிடலாம்."

மூன்றாம் நாள் மாட்டினான்!

இடது சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி. அளவு? சரியாக ஓர் எலுமிச்சம்பழம்!

துரைக்கண்ணு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "பொழைப்பனா டாக்டரம்மா?"

"வேற எங்கேயும் பரவல. முதல்ல ரத்தம் உறையாம இருக்க ஊசி, அப்புறம் ஆபரேஷன். நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் ஆறு மாசம் போயிருந்தா... பேச்சே வேற."

பயப்படாதீர்கள் கண்ணுகளா, அவன் பிழைத்துக்கொண்டான்.

தையல் பிரித்த அன்று அமலா வந்தாள். கையில் காய்ந்து சுருங்கிய அதே பழம்.

"உள்ள இருந்த கொலைகாரன் சிக்கிட்டான். பழம் வெச்சது யாரு?"

அவள் பார்வை கட்டிலருகே நின்ற தேவநாதனைத் தாண்டி... வெள்ளையம்மாளின் கொண்டையில் நின்றது. மல்லிகைச் சரம். பச்சை நூல். அதே முடிச்சு!

"நான்தான்!" வெள்ளையம்மாள் தலைகுனியவில்லை. "ஆஸ்பத்திரிக்கி வாய்யான்னு பத்து நாளா கெஞ்சினேன். 'மல்லாட்டை புடுங்கிட்டு வர்றேன்'னு சொல்லிக்கினே இருந்தாரு. தேவநாதன் வெச்சான்னு தோணினாத்தான் இவரு ஸ்டேஷனுக்கு ஓடுவாரு. ஸ்டேஷனு இங்க அனுப்பும்!"

துரைக்கண்ணுவின் கண் கலங்கியது. அமலா புகார்த் தாளை நீட்டினாள்.

"வாபஸ்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. செக்கப்புக்கு ஒழுங்கா வருவீங்கதானே?"

"வர்றேன் மேடம். அடுத்த போகம் வெதைச்சிட்டு..."

வெள்ளையம்மாள் இடுப்பில் கை வைத்தாள்.

"வராம இருந்து பாரு... அடுத்த வாட்டி பூசணிக்கா!"