இருபத்தைந்தாவது மழைக்கோட்டு

பேருந்திலிருந்து இறங்கியவர்கள் இருபத்து நான்கு பேர். படியருகே நின்று ஒவ்வொரு தோளையும் கண்ணால் தொட்டு எண்ணியிருந்தாள் சுற்றுலா வழிகாட்டி வெர்னா. மரங்களுக்குள் போகும் பாதையில், மூன்றாவது குலக் கம்பத்தருகே திரும்பி நின்று வழக்கம்போல எண்ணியபோது இருபத்தைந்து வந்தது.

மறுபடி எண்ணினாள். இருபத்தைந்து.

மழை நாளில் எண்ணிக்கை பிசகுவது அதிசயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கம்பெனி கொடுக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டு எல்லோரையும் ஒரே ஆளாக்கிவிடும். தலைமூடியை இழுத்துக் கட்டிக்கொண்டால் கிழவரும் குமரியும் ஒன்றுதான். அலாஸ்காவின் இந்தக் கரையில் ஆகஸ்ட் மாதம் என்பதே ஒரு நீண்ட மழை. தேவதாருக் கிளைகள் சொட்டும் ஒலியும், மரப்பாசியின் பச்சை வாசனையும், காட்டுக்குக் கீழே கல்லில் மெல்ல மோதும் கடலின் முனகலும் காலையிலிருந்து அவளுடைய காதிலும் மூக்கிலும் ஊறிக்கிடந்தன. குல விலங்குகளைச் செதுக்கிய அந்த மரக் கம்பங்களின் பெரிய கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"ஐயோ, அழுவுது பாரேன்!" என்று ஒருத்தி கைபேசியை உயர்த்தினாள்.

"உங்களைப் பார்த்தா தினமும் அழுவும்" என்றாள் வெர்னா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் எதைச் சொன்னாலும் அவர்கள் சிரிப்பார்கள்.

கடைசிக் கம்பத்தின் அடியில் கூட்டத்தை நிறுத்தினாள். இங்கேதான் கதை. மற்றக் கம்பங்களுக்கும் கதைகள் உண்டு; ஆனால் அவை வேறு குடிகளின் சொத்து. அவற்றைச் சொல்ல அவளுக்கு உரிமை கிடையாது. 'பயமுறுத்துற மாதிரி ஒண்ணு வேணும், கப்பல்ல வர்றவங்களுக்கு அதுதான் பிடிக்குது' என்று கம்பெனியில் சொன்னபோது, தன்னிடம் சொந்தமாக என்ன இருக்கிறது என்று ஒரு வாரம் யோசித்தாள். தம்பி இருந்தான்.

"என் தம்பி டெல்பெர்ட் மீன்பிடிப் படகுல போனான். ரெண்டு வருஷம் ஆச்சு. படகு கவிழ்ந்தது. மூணு பேரோட உடம்பு கரைக்கு வந்துச்சு. அவன் வரலை."

மழைக்கோட்டுகள் அசையவில்லை.

"தண்ணியில போய் உடம்பு திரும்பாதவங்களை நீர்நாய் மனுஷங்க கூட்டிட்டுப் போயிடுவாங்க. முதல்ல கையில மயிர் முளைக்கும். மேலுதடு ஏறிப்போய் பல்லு தெரியும். பேச்சு போயிடும், சீழ்க்கைதான் வரும். அப்புறம் பசியோட சொந்தக்காரங்களைத் தேடி வருவாங்க. அவங்க நீட்டுறதை வாங்கித் தின்னா அவ்வளவுதான். நீங்களும் அவங்க ஆளு."

பிறகு டெல்பெர்ட்டின் வீட்டுப் பெயரைச் சொன்னாள். குடிக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வழிவழியாக வரும் பழைய பெயர். தொண்டையின் அடியில் பிறந்து நாக்கின் ஓரத்தில் முடிவது. "எங்கே, எல்லாரும் சொல்லுங்க." அவர்கள் சொன்னார்கள். உடைத்து, நசுக்கி, சிரித்துக்கொண்டே. கைதட்டினார்கள். அவள் தட்டை நீட்டினாள். பிஸ்கட்டின் மேல் புகை போட்ட சால்மன், இருபத்து நான்கு துண்டுகள். மஞ்சள் கைகள் வந்து வந்து போயின.

கடைசியாக ஒரு முதியவர் வெறுந்தட்டைப் பார்த்து, "எனக்கு இல்லையாம்மா?" என்றார்.

காலையிலிருந்து மூன்று சவாரியிலும் ஒரு துண்டு குறைந்திருந்தது.

பேருந்துக்குத் திரும்பியபோது ரோலண்ட் ஓட்டுநர் இருக்கையில் காலை நீட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவளுடைய அத்தை மகன், கழுகுப் பக்கத்து ஆள். அவர்கள் இனத்தில் காக்கை, கழுகு என்று இரண்டே பக்கம்; ஒரு பக்கத்தார் மறுபக்கத்தில்தான் கட்டிக்கொள்வார்கள். காக்கைப் பக்கத்துப் பெண்களைக் கிண்டலடிப்பது அவனுடைய பிறப்புரிமை.

"என்ன காக்கா, முகம் வெளுத்திருக்கு? எவனாவது கிழவன் கட்டிக்கிறியான்னு கேட்டுட்டானா?"

"எத்தனை பேர் ஏறினாங்க?"

"இருபத்து நாலு."

"நல்லா எண்ணினியா?"

"கழுகுக்குக் கண்ணு பழுதாகாது. காக்காவுக்குத்தான் மின்னுறது எல்லாம் ரெண்டா தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. பயணிகளைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருந்தபோது ரோலண்ட் கண்ணாடி துடைப்பானை நிறுத்தினான். மழை கண்ணாடியை மூடிக்கொண்டது.

"உங்க மாமா எங்கம்மாகிட்ட பேசினாராம், வெர்னா. டெல்பெர்ட்டுக்கு அக்டோபர்ல நினைவு விருந்து வைக்கலாம்னு. நீ ஒருத்திதான் தலையாட்ட மாட்டேங்கறியாம்."

"உடம்பு கிடைக்கலையே."

"உடம்பு எதுக்கு? அவன் பேரைச் சொல்லி ஒரு தட்டு நெருப்புல போட்டு, நாங்க கழுகுப் பக்கத்தாளுங்க உட்கார்ந்து தின்னாதான் அவன் வயிறு நிறையும். பேரை ஒரு குழந்தைக்குக் குடுத்தாதான் அவன் கிளம்புவான். உனக்குத் தெரியாததா?"

"அவன் பேரை யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"அதான் தினம் நாலு தடவை கப்பல்காரனுக்குக் குடுக்குறியே. கையில மீனையும் குடுத்து."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

மே மாதத்தில் மீன்தட்டு இங்கே, பேருந்தின் முன்னிருக்கையில்தான் இருந்தது. ஏறும்போது ஒரு துண்டு, அவ்வளவுதான் ஏற்பாடு. ஜூனில் ஒரு நாள் தட்டைக் கம்பத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தான். பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு தட்டை நீட்டினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. யார் சொல்லி மாற்றினாள்? யாரும் சொல்லவில்லை. அப்படித் தோன்றியதற்கு அடியில் என்ன இருந்தது என்று இதுவரை அவள் குனிந்து பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். நெருப்பில்லாமல், விருந்தாளிப் பக்கம் இல்லாமல், விடைகொடுக்காமல், அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பசியைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். பசி தீர்ந்தால் போய்விடுவான் அல்லவா?

சின்ன வயதில் எது கிடைத்தாலும் டெல்பெர்ட் பாதியைக் கடித்துவிட்டு மீதியை அவள் வாயருகே நீட்டுவான். "அக்கா, ஆ காட்டு." எச்சில் பண்ணாமல் கொடுக்கத் தெரியாது அவனுக்கு. அவளும் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

"மாமாகிட்ட சரின்னு சொல்லிடறேன்" என்றாள்.

ரோலண்ட் அவளைத் திரும்பிப் பார்த்தான். "நிஜமாவா?"

"இன்னிக்குப் பேரு சொல்ல மாட்டேன். இனிமே சொல்ல மாட்டேன்."

நான்காவது சவாரிக்கு மழை தணிந்து பனிமூட்டம் இறங்கியிருந்தது. இறங்கும்போது இருபத்து நான்கு. மூன்றாவது கம்பத்தருகே இருபத்து நான்கு. கடைசிக் கம்பத்தடியில், விரலை நீட்டி, உதட்டை அசைத்து எண்ணினாள். இருபத்து நான்கு. நெஞ்சிலிருந்து ஏதோ கழன்று விழுந்தது போல இருந்தது. கூடவே ஒரு வெறுமையும் வந்தது. அந்த வெறுமையைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

கதையைச் சுருக்கிச் சொன்னாள். "அவ்வளவுதான். வாங்க, மீன் எடுத்துக்கங்க."

"பேரு சொல்லுவீங்களே!" என்றான் ஓர் இளைஞன். "நேத்து வந்தவங்க போட்ட வீடியோவுல பார்த்தோமே."

"இன்னிக்கு இல்லை."

"எனக்கு மனப்பாடம்" என்று அவன் மனைவி பெருமையாகச் சிரித்தாள். வெர்னா கையை உயர்த்துவதற்குள் சொல்லிவிட்டாள். தெளிவாக. எல்லோரையும்விடச் சரியாக. கூட்டம் அவளைத் தொடர்ந்து உரக்கச் சொன்னது. ஒரு முறை. இன்னொரு முறை. வாயில் மீனோடு.

கடலோசை நின்றது.

கிளைகள் சொட்டுவது நின்றது.

பாதையின் கீழ்ப்பக்கமிருந்து ஒரு சீழ்க்கை. மெல்லியது. வீட்டுக்கு வரும்போது வாசலுக்கு முன்னாலேயே அவன் அடிக்கும் சீழ்க்கை.

"சூப்பர்!" என்றான் இளைஞன். "ஆள் வச்சிருக்காங்க."

அவள் எண்ணினாள். எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். இருபத்து மூன்று. இருபத்து நான்கு. கூட்டத்தின் பின்னால், கம்பத்தை ஒட்டி, இன்னொன்று. அந்த மஞ்சள் மட்டும் நிறம் மங்கியிருந்தது. அது பிளாஸ்டிக் இல்லை. மீன்பிடிப் படகில் போட்டுக்கொள்ளும் தடித்த எண்ணெய்த்துணிக் கோட்டு. அதன் ஓரங்களில் கடல்பாசி.

கூட்டம் வழிவிட்டது. ஈர நாயின் வாடை. அழுகிய நண்டின் வாடை. அதற்கடியில், மிகவும் அடியில், அவன் போட்டுக்கொள்ளும் சோப்பின் வாசனை.

தட்டில் ஒரு துண்டு மீதி; யாரோ எடுக்காமல் விட்டது.

கோட்டின் கையிலிருந்து ஒரு கை வந்தது. பழுப்பு மயிர், ஈரத்தில் படிந்து. விரல்களுக்கு நடுவே சவ்வு. மோதிர விரலுக்கு நுனி இல்லை. வலையிழுக்கும் எந்திரம் தின்ற நுனி.

"டெல்" என்றாள். "அக்டோபர்ல விருந்து வைக்கிறோம்டா. வயிறு நிறைய. நீ போயிடணும்."

தலைமூடிக்குள் தலை ஆடியது. சரி என்பது போல. பிறகு துண்டை வாய்க்குக் கொண்டுபோனது. மேலுதடு இருந்த இடத்தில் பற்கள் மட்டும். நீளமான, சுத்தமான பற்கள். பாதியைக் கடித்தது.

மீதியை நீட்டியது.

அவள் வாயருகே.

நுனியற்ற விரல் அவள் கீழுதட்டைத் தொட்டது. குளிர். அது காத்திருந்தது. தொண்டையிலிருந்து சின்னதாய், கெஞ்சலாய், ஒரு சீழ்க்கை. அதில் சொல் எதுவும் இல்லை. சொல் தேவைப்படவும் இல்லை.

தூரத்தில் ரோலண்ட் பேருந்தின் ஒலிப்பானை அழுத்தினான். நேரமாகிவிட்டது. ஒருமுறை. இருமுறை. அவள் திரும்பிப் பார்த்திருக்கலாம். தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். சரியென்று மாமாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு குழந்தை அந்தப் பெயரோடு வளர்ந்திருக்கும். யாரோ ஒருத்தியின் குழந்தை.

வாயைத் திறந்தாள்.

புகை வாசனை. உப்பு. எச்சில்.

இருபத்து நான்கு மஞ்சள் மழைக்கோட்டுகளும் கைபேசிகளை உயர்த்திப் பிடித்துக் கைதட்டின. அவர்களைப் பார்த்து வழக்கம்போலச் சிரிக்க முயன்றாள். மேலுதடு மட்டும் ஏறியது. ஏறி, ஏறி, அங்கேயே நின்றது.